கம்ப்யூட்டர், டிவி, கேம் மூன்றுக்கும் ஒரே திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் செத்தாப்பாக், செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்கள், புதிதாகக் கல்யாணமாகிச் சின்ன காண்டோவில் குடியேறியவர்கள், பிள்ளையின் மேசையும் அப்பாவின் செய்தியும் ஒரே ஹாலில் அமைய வேண்டிய வீட்டுக்காரர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: ஒரே ஒரு திரை வாங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். விலை எதையும் எழுதவில்லை. தீபாவளி, சீனப் புத்தாண்டு, 11.11 என்று ஒவ்வொரு விற்பனைக்கும் அது மாறிவிடுகிறது.

அண்ணா, கடையில எல்இடி, கியூஎல்இடி, மினி எல்இடின்னு என்னென்னமோ எழுதியிருக்கு. நான் கேட்டது எல்சிடிதானே?

நீங்கள் சொன்ன மூன்றுமே எல்சிடிதான். பின்னால் ஒரு விளக்கு எரிகிறது. முன்னால் இருக்கும் திரவப் படிகப் பலகை அந்த வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி விடுகிறது அல்லது மறைக்கிறது. முன்பு பின்னால் மெல்லிய குழல் விளக்கு இருந்தது. இப்போது எல்இடி இருக்கிறது, அதனால் அந்தப் பெயர். நிறம் செழுமையாகத் தெரிய குவாண்டம் டாட் படலம் சேர்த்தால் கியூஎல்இடி. பின்விளக்கைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, இருட்டான காட்சியில் அந்தந்தப் பகுதியை மட்டும் மங்க வைத்தால் மினி எல்இடி.

ஓஎல்இடிதான் வேறு வகை. அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. கறுப்பு அப்படியே கறுப்பாக இருக்கும், படம் பார்க்க அருமை. ஆனால் கம்ப்யூட்டரின் கீழ்ப்பட்டை, டிவி சேனல் முத்திரை, கேமில் மூலையிலேயே நிற்கும் மேப் போன்றவை நாள்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் அந்தத் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும் அபாயம் உண்டு. ஒரே திரையை மூன்று வேலைக்கும் வைத்திருப்பவருக்கு அது தினமும் நடக்கும். அதனால் இந்தப் பக்கம் முழுவதும் எல்சிடியைப் பற்றியே பேசுகிறேன்.

டிவியும் மானிட்டரும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் படம்தானே தெரியுது?

உள்ளே இருக்கும் பலகை ஒரே மாதிரி இருக்கலாம். அதைச் சுற்றிக் கட்டியிருப்பதுதான் வேறு. டிவியில் ஆண்டெனா பிடிக்கும் டியூனர், ரிமோட், கேட்கிற அளவு சத்தம், நெட்ஃபிளிக்ஸ் யூடியூப் செயலிகள் எல்லாம் இருக்கும். வரும் படத்தை மெருகேற்றிக் காட்டும் ஒரு சிப்பும் இருக்கும். அந்த மெருகுதான் கேமில் தாமதத்தையும் எழுத்தில் மங்கலையும் கொண்டுவருகிறது.

மானிட்டர் வருவதை வந்தபடியே சட்டென்று காட்டும். எழுத்து கூர்மையாக இருக்கும், உயரத்தை ஏற்றி இறக்கலாம், ஆனால் டியூனர் இருக்காது. பெரும்பாலான மானிட்டர்களுக்கு ரிமோட்டும் இருக்காது, ஸ்பீக்கர் இருந்தாலும் பேருக்குத்தான். மானிட்டரில் இல்லாததை வெளியிலிருந்து சேர்த்துவிடலாம்: சேனல் பிடிக்கும் டிகோடர் பெட்டி, செயலிகள் உள்ள ஸ்டிக், ஸ்பீக்கர். டிவி பலகையின் நெருக்கமில்லாத புள்ளிகளை எதைச் சேர்த்தும் நெருக்கமாக்க முடியாது. அதனால்தான், மூன்று வேலைகளில் எழுத்துக்கு ஏற்ற திரையை முதலில் பிடியுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

ரூம்ல ஒரு திரைக்குத்தான் இடம். எத்தனை இன்ச் வாங்கட்டும்?

இன்ச்சைக் கேட்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள். மேசையில் உட்காரும்போது கண்ணிலிருந்து திரை எவ்வளவு தூரம், கட்டிலிலிருந்தோ சோபாவிலிருந்தோ எவ்வளவு தூரம் என்று இரண்டையும் அளந்து எழுதுங்கள். சாதாரண மேசையில் 60 முதல் 75 சென்டிமீட்டர் வரும். கட்டிலிலிருந்து பார்த்தால் 2 மீட்டர் வரும். இந்த இரண்டு எண்ணும்தான் உங்கள் திரையைத் தீர்மானிக்கின்றன, கடைக்காரர் அல்ல.

27 இன்ச் திரை சுமார் 60 சென்டிமீட்டர் அகலம், 32 இன்ச் சுமார் 71, 43 இன்ச் சுமார் 95. மேசையில் 70 சென்டிமீட்டர் தூரத்தில் 43 இன்ச்சை வைத்தால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் தெரியாது, ஒரு வாரத்தில் தோள் சொல்லும். 27 இன்ச்சைக் கட்டிலிலிருந்து பார்த்தால் படம் தெரியும், சப்டைட்டில் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டும். நடுவில் நிற்பது 32 இன்ச் 4கே (3840×2160 புள்ளி) மானிட்டர். அறையில் தங்கியிருப்பவர்கள் பெரும்பாலோருக்கு என் பரிந்துரை இதுதான். 43 இன்ச் 4கே டிவி வேண்டுமென்றால் ஆழமான மேசை வேண்டும். திரையைச் சுவரோடு ஒட்டி மாட்டி, கண்ணுக்கும் திரைக்கும் 1 மீட்டர் கிடைத்தால் அது நன்றாகவே உழைக்கும்.

புள்ளி நெருக்கத்தையும் பாருங்கள். ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளி என்பதுதான் கணக்கு: 24 இன்ச் ஃபுல் எச்டியில் (1920×1080) 92, 27 இன்ச் கியூஎச்டியில் (2560×1440) 109, 32 இன்ச் 4கேயில் 138, 43 இன்ச் 4கேயில் 102. மேசை தூரத்தில் 90க்குக் கீழே போனால் எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

4கே எல்லாம் எனக்கு எதுக்கு? ஃபுல் எச்டி போதாதா?

கட்டிலிலிருந்து மட்டும் பார்ப்பவர் என்றால் உங்கள் பேச்சு நியாயம்தான். இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 43 இன்ச் திரையில் 4கேயையும் ஃபுல் எச்டியையும் பிரித்தறிய சாதாரணக் கண்ணுக்கு முடியாது. 4கே உழைப்பது மேசையில்தான். எக்செல், பாடப் புத்தகத்தின் பிடிஎஃப், தமிழ் எழுத்து எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரியும். ‘ஞ’, ‘ணை’, ‘ஹ’ போன்ற சுழியும் வளைவும் உள்ள எழுத்துகள் சின்ன அளவில் அடைத்துப் போகாமல் இருக்க நெருக்கமான புள்ளிகள் வேண்டும். தமிழில் அதிகம் படிப்பவர், தட்டச்சு செய்பவர் இதைக் குறைத்து எடை போடாதீர்கள்.

32 இன்ச் டிவி ரொம்ப மலிவா கிடைக்குது. அதையே கம்ப்யூட்டருக்கும் போட்டா என்ன, அண்ணே?

அட்டையில் ‘எச்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதன் புள்ளிக்கணக்கு பெரும்பாலும் 1366×768. 32 இன்ச் அகலத்தில் அதைப் பரப்பினால் இன்ச்சுக்கு 49 புள்ளிதான் வரும். மேலே சொன்ன 90க்கு எங்கே, இது எங்கே! பாட்டியின் அறையில் நாடகம் பார்க்க நல்ல டிவி. அசைன்மென்ட் எழுத வேண்டாம். 32 இன்ச்சில் ஃபுல் எச்டி டிவி கிடைத்தாலும் 69 புள்ளிதான்.

ஐபிஎஸ்ஸா, விஏவா? யூடியூப்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டுமே எல்சிடி பலகையின் வகைகள். ஐபிஎஸ் பலகையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். வெளிச்சத்துக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1000க்கு 1. விஏயில் அது 3000க்கு 1 அல்லது அதற்கு மேல், இருட்டுக் காட்சி நன்றாக இருக்கும். அதற்குப் பதிலாக, பக்கவாட்டில் நகர்ந்தால் நிறம் வெளுக்கும், இருட்டான கேமில் வேகமாகத் திரும்பினால் பின்னால் ஒரு கறை இழுபடும்.

மேசையில் நேராக உட்கார்ந்து வேலை, இரவில் விளக்கை அணைத்துப் படம் என்றால் விஏ. நான்கு பேர் நான்கு பக்கம் உட்கார்ந்து பார்க்கும் ஹால், அல்லது வேகமாகச் சுடும் கேம் என்றால் ஐபிஎஸ். டிஎன் என்று இன்னொரு பழைய வகை இருக்கிறது. கட்டிலில் படுத்துக் கீழிருந்து பார்த்தால் நிறமே தலைகீழாகும், மூன்று வேலைக்குச் சரிவராது.

மானிட்டர் வாங்கிட்டா அஸ்ட்ரோ, மைஃப்ரீவியூ எப்படிப் பாக்குறது?

அஸ்ட்ரோ கட்டண டிவிக்குக் கவலையே இல்லை. அதன் டிகோடரிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளை நேராக மானிட்டரில் சொருகினால் போதும். சேனல் மாற்றுவது டிகோடர் ரிமோட்டில்தான், மானிட்டருக்கு அதில் வேலையில்லை. வானவில் சேனலோ விண்மீன் சேனலோ வழக்கம்போல வரும்.

மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்புக்கு அதைப் பிடிக்கும் டிவிபி-டி2 டியூனர் வேண்டும். 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. இப்போது விற்கும் டிவிகளில் அந்த டியூனர் உள்ளேயே இருக்கிறது, யுஎச்எஃப் ஆண்டெனா வைத்தால் போதும். மானிட்டர் என்றால் தனியாக ஒரு டிகோடர் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டிவியோ வெளிநாட்டிலிருந்து தனியாகக் கொண்டுவந்த டிவியோ வாங்கினால் டிவிபி-டி2 என்று இருக்கிறதா எனப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

தம்பி, எனக்கு இந்த கம்ப்யூட்டர் தட்டறதெல்லாம் வராது. ரிமோட்ல அமுக்கினா படம் வரணும். மகன் மானிட்டர்தான் வேணும்கிறான். என்ன செய்றது?

ஐயா, இரண்டு வழி இருக்கிறது. மானிட்டரோடு ஒரு ஆண்ட்ராய்டு டிவி பெட்டியோ ஸ்டிக்கோ சேர்த்துவிட்டால் உங்களுக்கென்று தனி ரிமோட் கிடைக்கும். நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் எல்லாம் அதிலேயே வரும். ஒரே சிரமம், மானிட்டரை டிவி மாதிரி ரிமோட் எழுப்பிவிடாது. மகன் கம்ப்யூட்டரில் இருந்துவிட்டுப் போனால் மானிட்டரின் பின்பக்கப் பொத்தானை அமுக்கி எச்டிஎம்ஐக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதை ஒரு தடவை மகனே பழக்கிக் கொடுத்துவிட்டால் போதும்.

இன்னொரு வழி, ஸ்மார்ட் மானிட்டர் என்று விற்பது. சாம்சங் 2020 இறுதியில் அறிமுகம் செய்த எம்7 வரிசை அப்படிப்பட்டது. ரிமோட்டும் செயலிகளும் மானிட்டருக்குள்ளேயே இருக்கும், கம்ப்யூட்டரைத் தொடாமலே படம் பார்க்கலாம். டியூனர் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். இந்த வகையில் பலவும் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 தடவைதான் படம் மாறும். உங்கள் மகன் கேமில் தீவிரமானவர் என்றால் முகம் சுளிப்பார். படிப்பும் படமும்தான் முக்கியம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும்.

சத்தம் எங்கேர்ந்து வரும்? மானிட்டர்ல ஸ்பீக்கரே இல்லையே!

எச்டிஎம்ஐ வழியாகப் படத்தோடு சத்தமும் மானிட்டருக்குள் வந்துவிடும். மானிட்டரில் ஹெட்போன் துளை இருந்தால் அதில் சாதாரண ஸ்பீக்கரைச் சொருகுங்கள். டிகோடர், கேம் பெட்டி, கம்ப்யூட்டர் மூன்றின் சத்தமும் அந்த ஒரே துளையிலிருந்து வரும். வாங்கும்போது அந்தத் துளை இருக்கிறதா என்று பின்பக்கம் எட்டிப் பாருங்கள், சில மாடல்களில் இருப்பதில்லை. பிஎஸ்5 கேம் பெட்டியில் ஆப்டிகல் சத்த இணைப்பு கிடையாது. அதற்கு மானிட்டர் துளையோ, யூஎஸ்பி ஸ்பீக்கரோ, கண்ட்ரோலரில் சொருகும் ஹெட்போனோதான். விடிகாலை பந்தாட்டம் பார்ப்பவர்கள் ஹெட்போனைத் தயாராக வைத்திருங்கள், காண்டோ சுவர்கள் மெல்லியவை.

அஸ்ட்ரோவை மானிட்டர்ல போட்டேன். பந்து ஓடும்போது விட்டு விட்டுத் தாவுது. மானிட்டர் கெட்டுப்போச்சா?

மானிட்டரில் பழுதில்லை. நம் நாட்டு ஒளிபரப்பு நொடிக்கு 50 என்ற கணக்கில் ஓடுகிறது, மானிட்டர் 60 என்ற கணக்கில் ஓடுகிறது. 50 படத்தை 60 இடத்தில் நிரப்ப வேண்டுமென்றால் நொடிக்கு 10 தடவை ஒரு படத்தை இரண்டு முறை காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் முகத்தில் அது தெரியாது. மைதானத்தின் குறுக்கே கேமரா ஓடும்போது பளிச்சென்று தெரியும். டிவிகள் 50ஐ அப்படியே ஏற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. மானிட்டர்களில் பல ஏற்கும், சில ஏற்காது.

வாங்குவதற்கு முன் மானிட்டரின் கையேட்டை இணையத்தில் இறக்கி, ஏற்கும் அளவுகளின் பட்டியலில் 1920×1080 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்றென்றால் டிகோடரின் அமைப்புக்குள் போய் ‘1080i’ என்பதை ‘1080p’ ஆகவோ ‘720p’ ஆகவோ மாற்றிப் பாருங்கள். ‘1080i’ என்பது ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக அனுப்பும் முறை. அதைச் சேர்த்துத் தைக்கும் வேலையை டிவிகள் நன்றாகச் செய்யும், மானிட்டர்கள் சுமாராகத்தான் செய்யும். கம்ப்யூட்டரில் நேரலை பார்ப்பவர் விண்டோஸ் திரை அமைப்பில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் இருந்தால் ஆட்டம் முடியும்வரை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

சினிமா நொடிக்கு 24 படம். அதற்கு 120 ஹெர்ட்ஸ் திரை பொருத்தமானது, ஒவ்வொரு படமும் சரியாக 5 தடவை வரும். பந்தாட்டமே உயிர் என்று இருப்பவர்கள் வீட்டில் நான் தயங்காமல் டிவி பக்கம்தான் பேசுவேன்.

டிவியை கம்ப்யூட்டர்ல மாட்டினேன். எழுத்து கலங்கலா, சிவப்பு எழுத்து பரவின மாதிரி இருக்கு. ஏன்?

திரையின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தால் டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று அர்த்தம். படஅளவு அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ மாதிரி ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். அடுத்து ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள். படத்துக்குக் கூர்மை தருகிறேன் என்று எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு போடுவது அதுதான்.

நிறம் பரவுவதற்குக் காரணம் வேறு. படத்தை அனுப்பும்போது வெளிச்சத்தை முழுசாகவும் நிறத்தைப் பாதி, கால் அளவிலும் அனுப்புவது வீடியோ உலகின் வழக்கம். சினிமாவில் தெரியாது, கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் உடனே தெரியும். கம்ப்யூட்டருக்கு 4:4:4 என்ற முழு நிறம் வேண்டும். பல டிவிகளில் கம்ப்யூட்டரைச் சொருகிய எச்டிஎம்ஐ வாசலின் பெயரை அமைப்பில் ‘பிசி’ என்று மாற்றினால் முழு நிறம் வந்துவிடும். கூடவே அந்த வாசலுக்கு மட்டும் ‘யூஎச்டி கலர்’, ‘என்ஹான்ஸ்டு’, ‘டீப் கலர்’ என்று ஏதாவது ஒரு பெயரில் இருப்பதைத் திறந்துவிட வேண்டும்.

இவ்வளவு செய்தும் மவுஸின் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகர்ந்தால் கம்ப்யூட்டர் பக்கம் பாருங்கள். பழைய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ 1.4 இருந்தால் 4கே திரைக்கு நொடிக்கு 30 படம்தான் அனுப்ப முடியும். 60க்கு எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். அந்த மடிக்கணினியை மாற்றும்வரை கியூஎச்டி அளவில் ஓட்டுவது மேல்.

பிஎஸ்5 வச்சிருக்கேன். 120 ஹெர்ட்ஸ் வேணும்னா எச்டிஎம்ஐ 2.1 கட்டாயமா?

4கேயும் 120உம் சேர்ந்து வேண்டுமென்றால் ஆமாம். எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும், 2.1 48 வரை தாங்கும். ஆனால் கியூஎச்டி 120க்கு 2.0வே போதும். பிஎஸ்5 2022 செப்டம்பர் முதல் கியூஎச்டியை ஏற்கிறது, அதனால் 27 இன்ச் கியூஎச்டி மானிட்டர் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். நிண்டெண்டோ சுவிட்ச் 2 டிவியில் இணைக்கும்போது 4கே 60 அல்லது கியூஎச்டி 120. முதல் சுவிட்சுக்கு ஃபுல் எச்டி 60தான், எந்தத் திரையும் போதும்.

இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, டிவி அட்டையில் ‘மோஷன் ரேட் 120’ என்று போட்டிருக்கும், பலகை 60 ஹெர்ட்ஸ் ஆக இருக்கும். பலகையின் உண்மையான ஹெர்ட்ஸ் என்ன என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் 60 என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மானிட்டரில் ஃப்ரீசிங்க் இருந்தால் பிஎஸ்5க்கும் உதவும் என்று நினைப்பது. படவேகம் ஏறி இறங்கும்போது திரையும் சேர்ந்து ஏறி இறங்கும் வசதி அது. எக்ஸ்பாக்ஸ் ஃப்ரீசிங்கை ஏற்கும். பிஎஸ்5 அதே வசதிக்கு எச்டிஎம்ஐயின் சொந்த முறையான விஆர்ஆரை மட்டுமே ஏற்கும்.

பெட்டியில 1 மில்லிசெகண்ட்னு போட்டிருக்கு. அப்ப லேக்கே இருக்காதில்ல?

அந்த 1 மில்லிசெகண்ட் ஒரு புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரம். அதுவும் மிக வேகமான நிலையில் எடுத்த கணக்கு. அந்த நிலையில் போட்டால் நகரும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் தெரியும், அதனால் அமைப்பில் நடு நிலையில் வைப்பதே பார்வைக்கு நல்லது.

நீங்கள் பயப்படுவது பட்டனை அமுக்கியதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையே உள்ள தாமதம். பெட்டியில் அது இருக்காது. மானிட்டரில் பொதுவாக அது பிரச்சினையில்லை. டிவியில் சாதாரண நிலையில் 50, 100 மில்லிசெகண்ட் போகலாம். கேம் மோடைப் போட்டால் டிவி தன் மெருகேற்றும் வேலையை நிறுத்திவிடும், தாமதம் பல மடங்கு குறையும். கேம் விளையாடும் வாசலுக்கு மட்டும் கேம் மோடை நிரந்தரமாகப் போட்டு வையுங்கள்.

144 ஹெர்ட்ஸ் கியூஎச்டியா, 60 ஹெர்ட்ஸ் 4கேயா? காசு ஒண்ணுக்குத்தான் இருக்கு.

கணக்கு இப்படி: 4கே திரையில் 83 லட்சம் புள்ளி, கியூஎச்டியில் 37 லட்சம், ஃபுல் எச்டியில் 21 லட்சம். கேமில் அத்தனை புள்ளியையும் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு நொடி வரைய வேண்டும். கார்டு நடுத்தரமானது என்றால் 4கே திரை வாங்கிவிட்டுக் கேமை மங்கலாக்கி ஓட்டுவதில் அர்த்தமில்லை.

வேலோரன்ட், டோட்டா மாதிரி போட்டி கேம் தினமும் விளையாடுபவர் 27 இன்ச் கியூஎச்டி 144 எடுங்கள். படமும் படிப்பும் அதிகம், கேம் வார இறுதியில்தான் என்றால் 32 இன்ச் 4கே 60. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்களை முதல் வகை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். போன வாரம் எத்தனை மணி நேரம் விளையாடினீர்கள் என்று கேட்டால் இரண்டாம் வகையாக மாறிவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் அந்தக் கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எச்டிஆர் 400ன்னு போட்டா எச்டிஆர் படம் நல்லாத் தெரியுமா?

எச்டிஆர் என்பது மிகப் பிரகாசமான இடத்தையும் மிக இருட்டான இடத்தையும் ஒரே காட்சியில் நன்றாகக் காட்டும் முறை. அந்த 400க்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 400 என்பது வெளிச்சத்தின் உச்ச அளவு. பின்விளக்கைப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை அந்தத் தரத்தில் இல்லை. திரை முழுக்க ஒரே விளக்கு என்றால் நிலாவைப் பிரகாசமாக்கும்போது ராத்திரி வானமும் வெளுத்துவிடும். எச்டிஆர் உங்களுக்கு உண்மையிலேயே முக்கியம் என்றால் முதல் கேள்வியில் சொன்ன மினி எல்இடி வரைக்கும் போக வேண்டும்.

லேப்டாப், டிகோடர், கேம் மூணையும் எப்படி மாட்டுறது? ஒவ்வொரு தடவையும் கேபிளைப் பிடுங்கணுமா?

வேண்டாம். மானிட்டரில் இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்பிளேபோர்ட் அல்லது யூஎஸ்பி-சி இருந்தால் மூன்றும் நிரந்தரமாக மாட்டியே இருக்கும், பொத்தானில் மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினிக்கு யூஎஸ்பி-சி உள்ள மானிட்டர் பெரிய வசதி, ஒரே கேபிளில் படமும் போகும் சார்ஜும் ஏறும். எத்தனை வாட் தருகிறது என்று மட்டும் பாருங்கள். சாதாரண மடிக்கணினிக்கு 65 வாட் போதும், கேமிங் மடிக்கணினிக்குப் போதாது.

அப்பா எட்டு மணிக்கு செய்தி பாக்கணும், எனக்கு அதே நேரத்துல ஆன்லைன் கிளாஸ். ஒரே திரைன்னா சண்டைதான் வருது.

இதற்கு எந்த மாடலிலும் தீர்வு கிடையாது. சில மானிட்டர்கள் திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு வாசலையும் காட்டும், ஆனால் சத்தம் ஒன்றுதான் வரும். ஒரே நேரத்தில் இருவருக்குத் தேவைப்படும் வீட்டில் ஒரே திரை என்ற எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அந்தக் காசில் ஹாலுக்கு ஒரு சாதாரண டிவியும் மேசைக்கு ஒரு 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரும் வாங்கினால் இருவரும் நிம்மதியாக இருப்பார்கள். ஒரே திரை ஒற்றை ஆளுக்கு, அல்லது நேரத்தைப் பகிர்ந்துகொள்ளக்கூடிய இருவருக்கு.

இடி இடிச்சா கழட்டி வைக்கணுமா?

ஆமாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் சாயங்கால இடிமழை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரச் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, மின்னல் ஆண்டெனா கேபிள் வழியாகவும் வரும், இன்டர்நெட் கேபிள் வழியாகவும் வரும். டிகோடருக்குள் வந்தது எச்டிஎம்ஐ வழியாகத் திரைக்கும் போகும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள நீட்டிப்புப் பலகை வாங்குங்கள், வானம் கறுத்தாலே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்குவதற்கு முன் கழற்றுங்கள், நடுவில் கை வைக்க வேண்டாம்.

லோயாட்ல வாங்கலாமா, ஷாப்பியில வாங்கலாமா? கடையில எதைச் செக் பண்ணணும்?

புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் ஓடுகிற திரையைக் கண்ணால் பார்க்கலாம், பெட்டியை முன்னாலேயே பிரிக்கச் சொல்லலாம். ஒரே திரைக்கு மொத்தக் காசையும் போடுபவர் ஒரு நடை போய்ப் பார்த்துவிட வேண்டும். உங்கள் மடிக்கணினியைக் கையோடு எடுத்துப் போங்கள். அதை மாட்டி, நீங்கள் தினமும் படிக்கும் அளவில் ஒரு பக்கம் எழுத்தைத் திறந்து, வீட்டில் அளந்த தூரத்தில் நின்று படியுங்கள். பிறகு திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு புள்ளியைப் பல நிறுவனங்கள் பழுதாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதனால் ‘ஒன் டு ஒன் எக்ஸ்சேஞ்ச்’ எத்தனை நாள், அதில் செத்த புள்ளி அடங்குமா என்று காசு கொடுப்பதற்கு முன் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

இணையத்தில் ஷாப்பி, லசாடாவில் வாங்கினால் நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடையிலேயே வாங்குங்கள், பெட்டியைத் திறப்பதை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். எங்கே வாங்கினாலும் மலேசிய வாரண்டிதானா, எத்தனை வருஷம், பழுதானால் வீட்டுக்கு வந்து எடுப்பார்களா நாம் தூக்கிப் போகணுமா என்று கேளுங்கள். மானிட்டருக்குப் பெரும்பாலும் 3 வருஷம் தருகிறார்கள், டிவிக்கு அதைவிடக் குறைவு.

கடைக்காரர் மாத்தித் தர மாட்டேன்னுட்டார். அவ்வளவுதானா?

இல்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. சிக்கல் எழுந்து 3 வருஷத்துக்குள் பதிய வேண்டும். முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி, பதிலையும் சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள். ரசீதை வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள், அந்தக் காகிதத்தில் இருக்கும் எழுத்து நம் ஊர் வெக்கையில் சில மாதத்திலேயே மறைந்துவிடும்.